டெரி நகரின் மூன்று வார்டுகள்: ஒற்றை மாற்று வாக்கு என்ன செய்யும், என்ன செய்யாது

வட அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், ஃபாய்ல் ஆற்றங்கரையில் இருக்கிறது டெரி. அரசு ஆவணங்களில் லண்டன்டெரி; ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு டெரி. 1960-களில் அந்த மாநகராட்சிக்கு மூன்று வார்டுகள், 20 உறுப்பினர்கள். வாக்காளர் பட்டியல் இப்படி இருந்தது:

தெற்கு வார்டு: கத்தோலிக்கர் 10,047, மற்றவர்கள் 1,138. இடங்கள் 8.
வடக்கு வார்டு: கத்தோலிக்கர் 2,530, மற்றவர்கள் 3,946. இடங்கள் 8.
வாட்டர்சைடு வார்டு: கத்தோலிக்கர் 1,852, மற்றவர்கள் 3,697. இடங்கள் 4.

மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். கத்தோலிக்கர் 14,429, மற்றவர்கள் 8,781. நூற்றுக்கு 62 பேர் கத்தோலிக்கர்கள். ஆனால் மாநகராட்சியில், பெரும்பாலும் புரொட்டஸ்டன்டுகளான, பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளுக்கு 12 இடம், கத்தோலிக்கர்கள் ஆதரித்த எதிர்த்தரப்புக்கு 8. ஒரு தேர்தலில் தற்செயலாக இப்படி வந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தேர்தலுக்குத் தேர்தல், இதே 12-க்கு 8.

இந்த எண்கள் எதிர்க்கட்சித் துண்டறிக்கையில் வந்தவை அல்ல. டெரியில் கலவரம் வெடித்த பிறகு அரசே அமைத்த ஆணையம், ஸ்காட்லாந்து நீதிபதி கேமரன் பிரபுவின் தலைமையில் விசாரித்து, 1969-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளவை.

வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது. ஸ்காட்லாந்தைச் சொல்லியிருக்கலாம். அங்கே 2003-ல் கிளாஸ்கோ நகர மன்றத்தின் 79 இடங்களில் 71-ஐ, பாதி வாக்குகூட இல்லாமல் தொழிற்கட்சி பிடித்தது. 2007-ல் இந்த முறை வந்ததும் அது 45 ஆகிவிட்டது. அதுவும் நல்ல உதாரணம்தான். ஆனால் டெரியில் இந்த முறை வந்தது, பிடுங்கப்பட்டது, அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தது. ஒரே ஊர், ஏறக்குறைய அதே சமூகங்கள். வாக்கை எண்ணும் முறை மாறினால் என்ன மாறும், என்ன மாறாது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் வருகை: 1920

1918 டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ, தனி நாடு கேட்ட சின் ஃபெய்ன் கட்சி வென்றது. லண்டனில் இருந்த அரசுக்கு இது பெரிய அதிர்ச்சி. அடுத்து உள்ளாட்சித் தேர்தல்கள் வரவிருந்தன. அதிலும் இதே போல வாரிச் சென்றுவிட்டால் தெற்கே இருக்கும் புரொட்டஸ்டன்ட் சிறுபான்மைக்கு ஒரு குரலும் மிஞ்சாது என்ற கவலை.

அந்த நேரத்தில் மேற்குக் கரையோரச் சிறு நகரமான ஸ்லைகோவில் ஒரு சோதனை நடந்தது. கடனில் மூழ்கியிருந்த நகரம் அது. வரியில் பெரும்பங்கைக் கட்டியவர்கள் சிறுபான்மையினர். நகர மன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை. வரியை உயர்த்திக் கடனை அடைக்க வேண்டுமானால் அவர்களையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். அதற்காக ஒரு தனிச் சட்டம் போட்டு, 1919 ஜனவரியில் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்தல் நடத்தினார்கள். 24 இடங்களில் வரி செலுத்துவோர் சங்கத்துக்கு 8, சின் ஃபெய்னுக்கு 7, மீதி தொழிற்கட்சிக்கும் சுயேச்சைகளுக்கும் போனது. யாரும் வாரிச் செல்லவில்லை, யாரும் வெளியே நிற்கவில்லை. உடனே அயர்லாந்து முழுவதற்கும் இதையே சட்டமாக்கினார்கள்.

1920 ஜனவரியில் டெரியிலும் அந்த முறையில் தேர்தல் நடந்தது. மொத்தம் 40 இடம். யூனியனிஸ்டுகளுக்கு 19. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட தேசியவாதிகளுக்கு 10, சின் ஃபெய்னுக்கு 10, தேசியவாத சுயேச்சை ஒருவர். 21-க்கு 19. ஹியூ ஓ'டோஹெர்ட்டி என்ற வழக்கறிஞர் மேயரானார். பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துக்குப் பிறகு டெரிக்கு வந்த முதல் கத்தோலிக்க மேயர் அவர்தான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தெற்கே இருந்த யூனியனிஸ்ட் சிறுபான்மையைக் காப்பாற்ற நினைத்துக் கொண்டுவந்த முறை, வடக்கே டெரியில் பெரும்பான்மையாக இருந்தவர்களுக்கு முதல்முறையாகப் பெரும்பான்மை கொடுத்தது. முறைக்கு யார் பக்கம் என்று தெரியாது. எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரைக் காட்டும், அவ்வளவுதான். அதனாலேயே அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகும்.

பிடுங்கப்பட்டது: 1922

1921-ல் அயர்லாந்து பிரிக்கப்பட்டது. பெல்ஃபாஸ்டில் புதிதாக அமைந்த யூனியனிஸ்ட் அரசு அடுத்த ஆண்டே உள்ளாட்சித் தேர்தலில் இருந்து ஒற்றை மாற்று வாக்கை நீக்க மசோதா கொண்டுவந்தது. டப்ளினில் இருந்து, தெற்கின் இடைக்கால அரசுத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். லண்டனும் தயங்கியது, அரச ஒப்புதல் சில வாரங்கள் தள்ளிப்போனது. பெல்ஃபாஸ்ட் அரசு பதவி விலகுவோம் என்று மிரட்டியதும் 1922 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

எண்ணும் முறையை மாற்றியதோடு வார்டு எல்லைகளையும் மாற்றினார்கள். டெரி மீண்டும் யூனியனிஸ்ட் கைக்குப் போனது. ஆனால் கத்தோலிக்க மக்கள்தொகை வளர்ந்துகொண்டே வந்தது. போட்ட எல்லை போதவில்லை. 1936-ல் திரும்பவும் வரைந்தார்கள். அப்போது பிறந்தவைதான் நாம் மேலே பார்த்த மூன்று வார்டுகள்.

வார்டு வரைவதில் இருந்த சூட்சுமம் இரண்டு. கத்தோலிக்கர்களில் நூற்றுக்கு எழுபது பேரைத் தெற்கு வார்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அங்கே 1,138 பேருக்கு எதிராக 10,047 பேர். ஜெயிக்க 1,200 பேர் போதும் என்ற இடத்தில் கிட்டத்தட்ட 8,900 வாக்கு எதற்கும் பயன்படாமல் குவிந்து கிடக்கும். மீதி இரண்டு வார்டுகளிலும் கத்தோலிக்கர் தோற்கும் அளவுக்கு மட்டும் இருந்தார்கள். வடக்கு வார்டில் நூற்றுக்கு 39 பேர். எட்டு இடங்களில் ஒன்றுகூட இல்லை. வார்டில் எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு, அதிக வாக்கு வாங்கியவர்கள் உள்ளே என்பதால், நூற்றுக்கு 51 பேர் சேர்ந்து நின்றால் எல்லா இடமும் அவர்களுக்கே. இன்னொன்று, வடக்கு வார்டில் 810 பேருக்கு ஓர் உறுப்பினர். தெற்கில் 1,398 பேருக்கு ஒருவர்.

வீடும் வாக்கும்

உள்ளாட்சித் தேர்தலில் எல்லாருக்கும் வாக்கு இல்லை. வீட்டுக்கு உரிமையாளர் அல்லது குடித்தனக்காரர், அவருடைய மனைவி அல்லது கணவர், முக்கியமாக இவர்களுக்குத்தான். பெற்றோர் வீட்டிலேயே இருக்கும் 30 வயது மகனுக்கு வாக்கு கிடையாது. ஒண்டுக்குடித்தனமாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கும் கிடையாது. ஆக, மாநகராட்சி ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் அது இரண்டு வாக்கையும் சேர்த்தே ஒதுக்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால் டெரியின் அடுத்த முப்பது ஆண்டுகள் புரிந்துவிடும். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வடக்கு வார்டில் வீடு கொடுத்தால் அந்த வார்டின் கணக்கு ஆட ஆரம்பிக்கும். அதனால் கொடுத்தால் தெற்கு வார்டில்தான் கொடுப்பார்கள். தெற்கு வார்டில் நிலம் தீர்ந்துகொண்டே வந்தது. மேட்டில் கிரெகன் குடியிருப்பைக் கட்டினார்கள். பிறகு 1960-களில் பள்ளத்தில் இருக்கும் போக்சைடில் ராஸ்வில் அடுக்குமாடிகளை உயரமாக எழுப்பினார்கள். பக்கத்தில் நிலமே இல்லாததால் அல்ல. இருந்த நிலம் வேறு வார்டில் இருந்ததால். வீட்டு ஒதுக்கீடு நடைமுறையில் மேயர் ஒருவர் கையிலேயே இருந்ததாகக் கேமரன் அறிக்கை சொல்கிறது.

1968 ஜூனில், வீடில்லாமல் இழுவை வண்டி வீட்டுக்குள் குழந்தைகளோடு காலம் தள்ளிய ஒரு குடும்பத்தின் வண்டியை, வீட்டுரிமைக் குழுவினர் இழுத்துவந்து போக்சைடின் லெக்கி சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். தேர்தல் முறை என்றாலே ஏட்டுச் சங்கதி என்று நினைக்கிறோம். இங்கே அது ஒரு குடும்பம் எங்கே தூங்குவது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, ஆற்றுக்கு அக்கரையில் டியூக் தெருவில் கூடிய குடிமை உரிமை ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. தொலைக்காட்சிக் கேமராவில் அது பதிவாகி உலகமே பார்த்தது. நவம்பரில் அரசு இறங்கிவந்தது. டெரி மாநகராட்சி கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் ஒரு வளர்ச்சி ஆணையம் உட்கார்ந்தது. 1969-ல் எல்லா வயதுவந்தோருக்கும் உள்ளாட்சி வாக்குரிமை வந்தது.

முறை எப்படி வேலை செய்கிறது

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த முறையின் ஒரு துண்டு ஏற்கெனவே தெரியும். மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் செய்தித்தாளில் படிக்கிறோம்: "ஒரு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க 34 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு தேவை." அந்த 34 எங்கிருந்து வருகிறது? சட்டமன்றத்தில் 234 பேர். காலியாகும் இடம் 6. 234-ஐ 6-ஆல் வகுத்தால் 39 தானே வரும் என்று தோன்றும். ஆனால் வகுப்பது 7-ஆல். 33-ம் சொச்சமும் வரும். அடுத்த முழு எண் 34. ஏன் 7? ஆறு பேர் ஆளுக்கு 34 எடுத்துவிட்டால் 204 போய்விட்டது. மிச்சம் 30. ஏழாவது ஆள் எப்படி முயன்றாலும் 34-ஐத் தொட முடியாது. ஆக, ஆறு பேரை உள்ளே விட்டு ஏழாமவரை வெளியே நிறுத்தும் மிகச் சிறிய எண் 34. ஹென்ரி டிரூப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்ன கணக்கு இது. டெரியிலும் இதே கணக்குதான். இடங்களோடு ஒன்றைக் கூட்டி, செல்லும் வாக்குகளை அதால் வகுத்து, அடுத்த முழு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வெற்றி வரம்பு என்று வைத்துக்கொள்வோம்.

வாக்காளர் செய்ய வேண்டியது எளிது. சீட்டில் தனக்கு மிகப் பிடித்தவருக்கு நேராக 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று போட்டுக்கொண்டே போகலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எத்தனை எண் போட்டாலும் வாக்கு ஒன்றே ஒன்றுதான். 2, 3 என்பவை கூடுதல் வாக்குகள் அல்ல. "என் ஆளுக்கு இது தேவைப்படாவிட்டால் இவரிடம் கொடுங்கள்" என்ற குறிப்பு.

என் அக்கா மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த இடத்தில் நின்றுவிட்டாள். குடியரசுத் தலைவர் தேர்தல் பாடத்தில் 'ஒற்றை மாற்று வாக்கு வழி விகிதாசாரப் பிரதிநிதித்துவம்' என்று ஒரே மூச்சில் வரும், மனப்பாடம் செய்திருந்தாள். "மாமா, வரம்புக்கு மேல வாங்கினது உபரின்னு போட்டிருக்கு. சரி, ஆனா எந்தச் சீட்டு உபரி? எல்லாமே அவருக்கு 1 போட்ட சீட்டுதானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இந்த முறையின் நாடியே அதுதான்.

அவளுக்குப் புளியங்கொட்டை வைத்துக் காட்டியதை இங்கே எண்ணில் சொல்கிறேன். ஓர் ஐந்து உறுப்பினர் வார்டு, 9,000 செல்லும் வாக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆறால் வகுத்தால் 1,500; வரம்பு 1,501. ஒரு வேட்பாளருக்கு 1,801 முதல் விருப்பம். அவர் ஜெயித்துவிட்டார், 300 உபரி. அந்த 300 எது என்று பொறுக்கி எடுப்பதில்லை. 1,801 சீட்டுகளையும் மேசையில் கொட்டி அடுத்த விருப்பப்படி பிரிக்கிறார்கள். 301 சீட்டில் அடுத்த எண்ணே இல்லை. அவை அவரோடு தங்கிவிடும். மீதி 1,500 சீட்டு நகரலாம். 300-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.20. ஒவ்வொரு சீட்டும் ஐந்தில் ஒரு பங்கு மதிப்போடு அடுத்தவரிடம் போகிறது. 900 சீட்டில் 2 என்று பெயர் வாங்கியவருக்கு 180 வாக்கு சேரும். "அப்போ ஒவ்வொருத்தர் ஓட்டும் முக்கால்வாசி இங்க, கால்வாசி அங்கயா?" என்றாள். ஏறக்குறைய அதேதான். வட அயர்லாந்தில் இந்தப் பின்னத்தை இரண்டு தசம இடம் வரை கணக்கிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள்.

உபரி எல்லாம் நகர்ந்த பிறகும் இடம் காலியாக இருந்தால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு அனுப்புவார்கள். அவருக்கு நேரடியாக விழுந்தவை முழு மதிப்போடு போகும். இப்படியே இடங்கள் நிரம்பும் வரை.

நம் ஊரில் ஒவ்வொரு தேர்தலிலும் காதில் விழும் ஒரு குற்றச்சாட்டு உண்டு: "அவர் நிற்பதே ஓட்டைப் பிரிக்கத்தான்." ஒற்றை மாற்று வாக்கில் இந்தப் பேச்சு பெரும்பாலும் பொருளிழந்துவிடுகிறது. பிரிந்த வாக்கு, பிரிந்தவர் தோற்றதும் திரும்பி வந்துவிடும். வாக்கு வீணாகும் வழிகள் இரண்டுதான். தோற்பவருக்குப் போட்டு வீணாவது ஒன்று. ஏற்கெனவே ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் குவித்து வீணாவது இன்னொன்று. நாம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். டெரியின் தெற்கு வார்டைக் கட்டியது இரண்டாவது.

அதே வார்டுகள், அதே ஆட்கள்: ஒரு மறுகணக்கு

சரி, ஒன்று செய்து பார்ப்போம். 1936-ல் அநியாயமாக வரைந்த எல்லைகளைத் தொடவே வேண்டாம். வார்டுக்கு இத்தனை இடம் என்ற பங்கீட்டையும் தொட வேண்டாம். பட்டியலில் இருந்த எல்லாரும் வந்து வாக்களித்தார்கள், ஒவ்வொருவரும் தன் சமூகத்தின் வேட்பாளர்களுக்கே எண் போட்டார்கள் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். எண்ணும் முறையை மட்டும் மாற்றுவோம்.

வடக்கு வார்டில் 6,476 பேர், 8 இடம். ஒன்பதால் வகுத்தால் வரம்பு 720. கத்தோலிக்கர் 2,530 பேர். மூன்று முறை 720 எடுக்கலாம். மற்றவர்கள் 3,946 பேர், ஐந்து முறை. 3-க்கு 5.

வாட்டர்சைடில் 5,549 பேர், 4 இடம். வரம்பு 1,110. கத்தோலிக்கர் 1,852, ஓர் இடம். மற்றவர்கள் 3,697; மூன்று இடம்.

தெற்கில் 11,185 பேர், 8 இடம். வரம்பு 1,243. கத்தோலிக்கர் 10,047, எட்டு இடமும் அவர்களுக்கே. மற்றவர்கள் 1,138 பேர் வரம்புக்கு 105 குறைவு, இடமில்லை.

கூட்டினால் கத்தோலிக்கர் 12, மற்றவர்கள் 8.

இதை முதலில் தாளில் போட்டபோது தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பப் போட்டேன். அதே 12-க்கு 8 தான் வருகிறது, தலைகீழாக. ஒரு கோட்டைக்கூட நகர்த்தவில்லை. வடக்கு வார்டு வாக்கின் எடை தெற்கைப் போல ஒன்றே முக்கால் மடங்கு என்ற அநியாயத்தையும் அப்படியே விட்டிருக்கிறோம். அதையும் மீறி 62 விழுக்காட்டினருக்கு 60 விழுக்காடு இடம் கிடைக்கிறது. 1922-ல் ஏன் முதல் வேலையாக எண்ணும் முறையில் கை வைத்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒற்றை மாற்று வாக்கு இருந்திருந்தால் கோடு வரைபவருக்கு அவ்வளவாக வேலை இருந்திருக்காது.

தெற்கு வார்டின் 1,138 பேரையும் மறக்கக் கூடாது. இந்த முறையிலும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டு இடங்கள் உள்ள வார்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். வரம்பு நூற்றுக்குப் பதினொன்று. விகிதாசாரம் என்ற பெயர் இருந்தாலும், வார்டில் எத்தனை இடம் என்பதுதான் எவ்வளவு சிறிய குழுவுக்குக் குரல் என்பதை முடிவு செய்கிறது. மூன்று இடமுள்ள வார்டில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் வேண்டும். யாராவது "எங்கள் ஊரிலும் விகிதாசார முறை" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, வார்டுக்கு எத்தனை பேர் என்பதுதான்.

திரும்பி வந்தது: 1973

1972-ல் லண்டன் நேரடி ஆட்சியைக் கையில் எடுத்தது. அடுத்த ஆண்டு மே 30-ஆம் தேதி, புதிதாக அமைத்த 26 மாவட்ட மன்றங்களுக்கும் ஒற்றை மாற்று வாக்கில் தேர்தல். டெரியில் 27 இடம். புதிய தேசியவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி. 10, யூனியனிஸ்ட் கூட்டணி 9, இரு சமூகத்தவரையும் சேர்த்துக்கொண்ட அலையன்ஸ் கட்சி 4, பழைய தேசியவாதக் கட்சி 3, ரிபப்ளிகன் கிளப்புகள் 1.

இந்த ஐந்து பெயர்களைப் பாருங்கள். பழைய முறையில் தேசியவாதிகள் மூன்றாகப் பிரிந்து நின்றிருந்தால் தற்கொலை. அலையன்ஸ் மாதிரி நடுவில் நிற்கும் கட்சிக்கு எந்த வார்டிலும் இடமே இருந்திருக்காது. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. மூன்று தேசியவாதக் குழுக்களும் சேர்ந்தால் 14, மயிரிழைப் பெரும்பான்மை. அரை நூற்றாண்டு ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் கையில் மன்றம் வந்திருக்கிறது. அவர்கள் செய்தது என்ன? முதல் ஆண்டு எஸ்.டி.எல்.பி.யின் மருத்துவர் ரேமண்ட் மெக்ளீன் மேயர். அடுத்த ஆண்டு யூனியனிஸ்டான ஜாக் ஆலன். பதவியைச் சுற்றுக்கு விட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் மிகப் பெரிய செய்தி இதுதான். யூனியனிஸ்டுகள் ஒன்பது பேராக உள்ளே இருந்தார்கள். ஆளில்லாத நாற்காலியோடு யாரும் சமரசம் பேச முடியாது.

இதை வைத்து அதிகமாகச் சொல்லிவிடவும் கூடாது. 1920-ல் நியாயமாக எண்ணிய தேர்தல் நடந்த ஆறே மாதத்தில் டெரி தெருக்களில் துப்பாக்கிச் சண்டை, பலர் செத்தார்கள். 1973-க்குப் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் ரத்தம் சிந்தியது. தேர்தல் முறை சண்டையை நிறுத்தவில்லை. இன்னொன்றும் உண்டு. 1973-ல் மன்றங்கள் கைக்கு வந்தபோது வீட்டு ஒதுக்கீடு ஏற்கெனவே 1971-ல் தனி வாரியத்துக்குப் போய்விட்டது. கல்வி, சாலை எதுவும் மன்றத்தில் இல்லை. குப்பை அள்ளுவது, இடுகாடு, நீச்சல்குளம் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. பகிர்ந்துகொள்வது எளிதாக இருந்ததற்குப் பகிர அதிகம் இல்லாததும் ஒரு காரணம் என்று ஒருவர் வாதிட்டால் என்னால் முழுதாக மறுக்க முடியாது.

முறையின் பலவீனங்கள்

சீட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். ஒரே கட்சி இருவரை நிறுத்தினால், மேலே பெயர் உள்ளவருக்கு 1-ம் கீழே உள்ளவருக்கு 2-ம் விழும் போக்கு ஸ்காட்லாந்தில் தெளிவாகத் தெரிகிறது. தகுதியான ஆள், பெயரின் முதல் எழுத்துக்காகத் தோற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கட்சிகள் எத்தனை பேரை நிறுத்துவது என்பதும் சூதாட்டம் மாதிரி. குறைவாக நிறுத்தினால் கிடைத்திருக்க வேண்டிய இடம் போகும். அதிகமாக நிறுத்தினால் முதல் விருப்பம் சிதறி, நல்ல ஆட்கள் ஆரம்பச் சுற்றுகளிலேயே நீக்கப்படலாம். அதனால் கட்சிகள் "இந்தத் தெருக்காரர்கள் இவருக்கு 1 போடுங்கள், அந்தத் தெருக்காரர்கள் அவருக்கு" என்று வார்டைப் பங்குபோட்டுப் பிரசாரம் செய்கின்றன.

எண்ணிக்கைக்கு நேரம் பிடிக்கும். வட அயர்லாந்தில் இன்றும் கையால்தான் எண்ணுகிறார்கள். ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். ஸ்காட்லாந்தில் இயந்திரம். எனக்குக் கை எண்ணிக்கைதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் கட்டில் இருந்து எந்தக் கட்டுக்கு எத்தனை போனது என்று வேட்பாளரின் முகவர் மேசைக்கு எதிரே நின்று பார்க்கலாம். இரு சமூகங்கள் ஒன்றையொன்று நம்பாத ஊரில் அந்த இரண்டு நாள் வீண் செலவே இல்லை.

இன்றைய மன்றம்

26 மன்றங்கள் இப்போது 11 ஆகிவிட்டன. டெரியும் பக்கத்து ஸ்ட்ராபேனும் ஒரே மன்றம், 40 இடம். ஒரு வார்டுத் தொகுதிக்கு 5 முதல் 7 உறுப்பினர்கள். 2023 மே தேர்தலில் சின் ஃபெய்ன் 18, எஸ்.டி.எல்.பி. 10, யூனியனிஸ்ட் கட்சிகளான டி.யு.பி. 5, அல்ஸ்டர் யூனியனிஸ்ட் 3, சுயேச்சைகள் 3, இடதுசாரியான பீப்பிள் பிஃபோர் ப்ராஃபிட் 1. பெரிய கட்சிக்கும் பாதி இல்லை.

ஓர் உறுப்பினர் பாதியில் விலகினால் வட அயர்லாந்தில் பெரும்பாலும் இடைத்தேர்தல் வைப்பதில்லை. அவர் கட்சியே இன்னொருவரை நியமிக்கும். வாக்காளரைக் கேட்காத இந்த ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கென்யாவில் பிறந்து டெரிக்கு வந்து குடியேறிய லிலியன் சீனாய்-பார், 2021-ல் அப்படி நியமனத்தில்தான் எஸ்.டி.எல்.பி. உறுப்பினராக ஃபாய்ல்சைடு தொகுதிக்கு வந்தார். 2023-ல் அதே தொகுதி மக்கள் எண் போட்டு அவரைத் திரும்ப அனுப்பினார்கள். 2024 ஜூனில் மேயரானார், வட அயர்லாந்தின் முதல் கறுப்பின மேயர். மன்றம் கூடுவது கில்ட்ஹாலில், 1920-ல் ஓ'டோஹெர்ட்டியின் மாநகராட்சி கூடிய அதே கட்டடத்தில்.